நர்சரி வாசலில் எப்படி விட்டுவிட்டு வருவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

குழந்தையை நர்சரியில் சேர்க்கப்போகிறோம் என்றால் எந்தப் பள்ளி, என்ன பாடமுறை, எவ்வளவு தூரம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். முதல் நாள் காலையில் எப்படி விட்டுவிட்டு வரப்போகிறோம் என்பதை மட்டும் அந்த நிமிடத்துக்கே விட்டுவிடுகிறோம். என் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: முதல் மாதம் எப்படிப் போகும் என்பதை வாசலில் கழிகிற அந்த ஐந்து நிமிடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பொதுவாக மூன்று வழிகளைப் பார்க்கிறோம். குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவி வருவது ஒன்று. "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லி, அழுதாலும் கிளம்பிவிடுவது இன்னொன்று. சில நாள் வகுப்பிலேயே கூட உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது மூன்றாவது. மூத்தவனிடம் முதல் இரண்டையும், இளையவளிடம் மூன்றாவதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

நழுவி வருவது

இந்த வழியின் கவர்ச்சி எளிதில் புரியக்கூடியது. வாசலில் அழுகை இல்லை, வேலைக்குத் தாமதம் இல்லை, மற்ற பெற்றோர் திரும்பிப் பார்க்கும் சங்கடம் இல்லை. பள்ளியிலேயே "பிள்ளை பார்க்கல, நீங்க மெதுவா கிளம்புங்க" என்று சொல்பவர்களும் உண்டு. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து அழும் வகுப்பில் ஓர் அழுகை குறைந்தாலும் அவர்களுக்கு நிம்மதி.

மூத்தவனுக்கு அப்போது 3 வயது நிறைய இரண்டு மாதம் பாக்கி. மூன்றாம் நாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மதியம் கூப்பிடப் போனபோது, அன்றைக்கு அவன் அழவே இல்லை என்றார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இரவுதான் விஷயம் தெரிந்தது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் நான்கு குட்டி விரல்கள் நுழைந்தன. "அம்மா, இருக்கியா?" என்றான். "இருக்கேன்" என்றேன். ஐந்து விநாடி கழித்து மறுபடி அதே கேள்வி. சமையலறைக்கு, மாடிக்கு, வாசலுக்கு என்று நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தான். இது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது. வகுப்பிலும் அடுத்த நாளிலிருந்து அவன் கட்டைகள் பக்கமே போகவில்லை, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

கண்ணில் படாவிட்டாலும் ஒரு பொருள் இருக்கத்தான் செய்கிறது என்ற புரிதல் முதல் வயதுக்குள்ளேயே துளிர்த்து, இரண்டு வயது வாக்கில் நிலைபெறுகிறது என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே விளக்கியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மா எங்கோ இருக்கிறாள் என்று நன்றாகவே தெரியும். எப்போது மறைவாள் என்பதுதான் தெரியாது. அதனால் காவல் காக்கிறது. காவல் காக்கிற குழந்தையால் விளையாட முடியாது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அவசரத்துக்குக்கூட.

சொல்லிவிட்டுக் கிளம்புவது

நழுவுவதோடு ஒப்பிட்டால் இதில் அழுகை அதிகம், பொய் இல்லை. எனக்கு அந்த ஒன்றே போதும். ஆனால் இதைச் சரியாகச் செய்வது நினைப்பதைவிடக் கடினம். பெரும்பாலும் சொல்வதில் தவறு நேர்வதில்லை, கிளம்புவதில்தான் நேர்கிறது.

"அம்மா போகட்டுமா?" என்று கேட்கிறோம். குழந்தை "வேண்டாம்" என்கிறது. அப்புறம் அதன் பேச்சை மீறிப் போகிறோம். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் அதைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது. "அம்மா இப்ப கிளம்பறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வாசல் வரை போய், அழுகை கேட்டுத் திரும்பி வந்து அணைத்து, மறுபடி கிளம்புவது இன்னொரு தவறு. இன்னும் பலமாக அழுதால் அம்மா திரும்புவாள் என்று குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

நேரம் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "12 மணிக்கு வரேன்" என்பது மூன்று வயதுக்குப் புரியாது. அதற்குக் கடிகாரம் தெரியாது, வரிசைதான் தெரியும். "விளையாடுவீங்க, சாப்பிடுவீங்க, கதை கேப்பீங்க. கதை முடிஞ்சதும் அம்மா வருவேன்" என்று சொன்னால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது. சொன்னபடி கதை முடிந்ததும் அங்கே நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் பத்து நிமிடத் தாமதம்கூட நாம் நினைப்பதைவிடப் பெரியது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போக, நம் பிள்ளை மட்டும் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்தால் அடுத்த நாள் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்போம்.

கையோடு வீட்டுப் பொருள் ஒன்றை அனுப்புவதும் உதவும். பழைய பொம்மை, ஒரு துண்டுத் துணி, எதுவானாலும் சரி. பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953-இல் வெளியான கட்டுரையில் இதுபோன்ற பொருள்களைப் பற்றித்தான் எழுதினார். அம்மாவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே குழந்தை தனக்கென்று வைத்துக்கொள்ளும் பாலம் அது. பள்ளியில் பொம்மைக்கு அனுமதி இல்லையென்றால் பையின் உள்ளறையில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். அதைத் துவைக்காமல் கொடுங்கள், வீட்டு வாசனை வேண்டும்.

இந்த வழிக்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. நாம் கையை விடும்போது மறுபக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கை குழந்தைக்கு முன்பே பழக்கமானதாக இருந்தால் அழுகை சில நிமிடங்களில் அடங்கலாம். முன்பின் பார்த்திராத டீச்சர், இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஆள் என்றால் நாம் எவ்வளவு அழகாக விடைபெற்றாலும் குழந்தை நடுவில் தனியாகத்தான் நிற்கும். மூத்தவனுக்கு அப்படித்தான் ஆனது. நான் நழுவுவதை விட்டுவிட்டு ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்த பிறகும் அவனுக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. ஒரு மாதம் ஆனது.

கூடவே இருந்து விலகுவது

இந்த முறையை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் பலரும் இதைச் 'செல்லம் கொடுப்பது' என்று தள்ளிவிடுகிறார்கள். ஜெர்மனியில் இதற்குப் பெயரே இருக்கிறது, பெர்லின் பழக்குமுறை. அங்கே குழந்தைகள் காப்பகங்களில் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையுடன் சுமார் ஒரு மணி நேரம் வகுப்பில் இருந்துவிட்டுச் சேர்ந்தே வீடு திரும்ப வேண்டும். பிரிக்க முயலவே கூடாது. நான்காம் நாள் முதல் பிரிவு, அதுவும் அதிகபட்சம் அரை மணி நேரம். சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழந்தை டீச்சரிடம் சமாதானம் ஆகவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே கூப்பிட்டுவிடுவார்கள். அன்று என்ன நடந்தது என்பதைப் பார்த்து, இந்தக் குழந்தைக்கு ஒரு வாரம் போதுமா, இரண்டு மூன்று வாரம் வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் பிரிவை ஒரு நாள் தள்ளிப்போடுவார்கள். வார விடுமுறைக்குப் பிந்தைய காலை எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் வகுத்த விதி அது.

அதில் எனக்கு மிகப் பிடித்தது, பழகிவிட்டது என்று எப்போது சொல்வது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். குழந்தை வாசலில் அழுவதை நிறுத்திவிட்டதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அழுதால் டீச்சர் தேற்றும்போது தேறுகிறதா என்று பார்க்கிறார்கள். அதாவது அம்மா போகும்போது அழலாம், கோபப்படலாம், தவறில்லை. ஆறுதலுக்கு அங்கே ஒரு மடி கிடைத்துவிட்டதா என்பதே கேள்வி.

ஜெர்மனியில் லீசலோட்டே ஆனர்ட் குழுவினர் 15 மாதக் குழந்தைகள் 70 பேரைப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். அம்மா இல்லாமல் காப்பகத்தில் இருந்த முதல் நாட்களில், அவள் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள், பதற்றத்தோடு ஏறும் கார்ட்டிசோல் ஹார்மோன் வீட்டில் இருந்ததைவிட 75 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. எந்த முறையில் பழக்கினாலும் பிரிவு லேசானது இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதிக நாள் உடனிருந்து பழக்கிய அம்மாக்களின் குழந்தைகளிடம் அம்மா மீதான நம்பிக்கைப் பிணைப்பு கெடாமல் இருந்தது, சிலரிடம் வலுப்பட்டும் இருந்தது. அவை நர்சரிப் பிள்ளைகளைவிடச் சின்னக் குழந்தைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இளையவளுக்கு இதைச் செய்தோம். பள்ளியில் கேட்டபோது முதலில் தயங்கினார்கள், பிறகு ஐந்து நாள் அனுமதித்தார்கள். ஓரத்தில் ஒரு குட்டி நாற்காலி. அதில் நான் செய்ய வேண்டிய வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. அவளோடு விளையாடக் கூடாது, "அங்க போ, அந்தப் பாப்பாகிட்ட பேசு" என்று தள்ளக் கூடாது, போனை எடுத்துக் குனியவும் கூடாது. அவள் திரும்பிப் பார்க்கும்போது என் முகம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் என் முழங்காலை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாள் மணல் தொட்டி வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் நாள் டீச்சர் ஒரு வாளியை நீட்டினார், வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஓடும்போது கால் தடுக்கி விழுந்தாள். முட்டியில் லேசான சிராய்ப்பு. எழுந்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் எழப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் டீச்சர் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்திருந்தார். ஒரு விநாடி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவரிடம் போய்த் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த நாள் அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அழுதாள், ஆனால் டீச்சர் கையில் இருந்துகொண்டு அழுதாள்.

இதற்கும் விலை உண்டு. ஒரு வாரமாவது விடுப்பு வேண்டும், அது எல்லோருக்கும் கிடைக்காது. சில பள்ளிகள் பெற்றோரை உள்ளே விடுவதில்லை. ஓர் ஆபத்தும் இருக்கிறது. விலகவே மனம் வராமல் மூன்றாவது வாரமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், இங்கே அம்மா இல்லாமல் இருக்க முடியாது என்பதைத்தான் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். விலகுவதற்குத்தான் போய் உட்காருகிறோம்.

யாருக்கு எது?

குழந்தைக்கு 3 வயது ஆகவில்லை, இதுவரை வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் இருந்ததில்லை என்றால், மூன்றாவது வழிக்காகப் பள்ளியிடம் வாதாடிப் பாருங்கள். ஐந்து நாள் தரமாட்டார்கள் என்றால் இரண்டு நாள் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு மாலை டீச்சரை நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பெயரும் முகமும் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தால் இரண்டாவது வழி நன்றாகவே வேலை செய்யும். நாலு வயதுக் குழந்தை, ஏற்கெனவே பாட்டி வீட்டிலோ காப்பகத்திலோ இருந்து பழகியது என்றால் நேராக இரண்டாவதுக்கே போகலாம். அப்படிப்பட்ட குழந்தையோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பது தேவையில்லாத தயக்கத்தை உண்டாக்கும்.

அம்மா விடுவதா அப்பா விடுவதா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. யார் விட்டால் அழுகை குறைவோ அவர் விடட்டும். எங்கள் வீட்டில் அப்பா விட்டால் அழுகை பாதிதான். அதற்காக நான் வருத்தப்பட்டதுண்டு, தேவையில்லாத வருத்தம். எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, காலை முழுக்க என்னோடு மல்லுக்கட்டிய குழந்தைக்கு என்னிடமிருந்து பிரிவதுதான் கடினமாக இருக்கும்.

அரை நாளா முழு நாளா என்பதில் முடியுமானால் முதல் இரண்டு வாரம் அரை நாள்தான். 3 முதல் 5 வயது வரை மதியத் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் தேவை. புது இடத்தில் படுக்க வைத்தாலும் பல பிள்ளைகள் கண்ணை மூடுவதில்லை. அந்த வாரங்களில் இரவுத் தூக்கத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்தால் மறுநாள் காலை வாசலிலேயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், கூப்பிடப் போகும் நேரம். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளை அம்மாவிடமிருந்து சில நிமிடம் பிரித்துப் பார்த்த புகழ்பெற்ற ஆய்வில், பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதற்கே அதிக முக்கியத்துவம் கொடுத்தார். அழுதுகொண்டே வந்து ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போகிற குழந்தையிடம் பயப்பட ஒன்றுமில்லை. அன்றெல்லாம் சமத்தாக இருந்தாள் என்று டீச்சர் சொல்லும் அதே நேரத்தில் என் மகள் என்னைப் பார்த்ததும் பையை வீசிவிட்டு ஓவென்று அழுவாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததை அவிழ்க்க அவளுக்கு என்னிடம்தான் முடியும். "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். வாசலுக்கு வெளியே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுகை ஓயும்வரை உட்கார்ந்திருப்பேன். ஓய்ந்ததும் முதலில் எதைப் பற்றிப் பேசுவது என்பதை அவளே தீர்மானிப்பாள். நேற்று மணல் வாளியைப் பற்றிப் பேசினாள்.