64 பக்கத்துக்குள்ள அடக்கின கவிதையள்: ரவுண் அச்சகம் ஒண்டு

ஏழு வருசமா லப்டொப்புக்குள்ள கிடந்த கவிதையளை ஒருமாதிரிப் புத்தகமாக்கிப் போட்டன், யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு சின்ன அச்சகத்தில, குறையும் சொல்லப்போறதால பேர் போடேல்ல.

நான் யூனிகோட்டில குடுத்தனான், அவை பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தித்தான் பேஜ் போடுறவை, மாத்தேக்க மேற்கோள் குறியெல்லாம் ஏதோ எழுத்தாப் போச்சு. அதைவிடக் கூத்து என்னண்டா, வரி முறிஞ்சு நிக்கிறதைப் பாத்திட்டுப் பேஜ் போடுற பிள்ளை நான் பிழையா என்ரர் தட்டிப்போட்டனெண்டு நினைச்சு ரெண்டு கவிதையைப் பந்தியாச் சேர்த்து விட்டிட்டுது. புறூவ்வைக் கண்டோன்ன திக்கெண்டுது. பேந்து பக்கத்தில இருந்து வரிவரியாத் திருத்தினம், பிள்ளை முகம் சுழிக்கேல்ல. உண்மையைச் சொன்னா அதில ஒண்டு பந்தியா வாசிக்கத்தான் நல்லா இருந்தது, அப்பிடியே விட்டிட்டன்.

மொத்தம் 69 பக்கம் வந்தது. “தம்பி, ஒரு ஃபோர்ம் எண்டா ஒண்டா அடிச்சு மடிக்கிற 16 பக்கம், 64 எண்டா நாலு ஃபோர்மோட முடியும், இல்லாட்டி அரை ஃபோர்ம் கூடப் போடோணும்” எண்டார் முதலாளி ஐயா. வீட்ட வந்து தாளெல்லாத்தையும் நிலத்தில பரப்பிப்போட்டு நாலு கவிதையைத் தூக்கினன், அதில அம்மம்மான்ர வெத்திலைத் தட்டம் பற்றினது பதினாலு தரம் திருத்தினது, அவ்வளவு திருத்தியும் சரிவராதது இனி எங்க வரப்போகுது.

ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக எண்ணை நாங்கள்தான் எடுத்துக் குடுக்கோணும், கொழும்பில தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில, அட்டை முடியமுன்னமே விண்ணப்பிச்சிடுங்கோ. 64 பக்கத்துக்கு முதுகு மெல்லிசு, அதில பேர் போட இடமில்லை, ராக்கையில வைச்சா ஆற்ற புத்தகமெண்டு தெரியாது.

கடைசிப் புறூவ்வில சைன் வைச்சா பிறகு ஒரு புள்ளியும் மாத்தேலாதாம். நானும் வைச்சிட்டு வந்து அண்டிரவு நித்திரையில்லை, ஒரு சொல்லு உறுத்திக்கொண்டே கிடந்தது, விடியக் கோல் எடுத்தன். “பிளேட் போட்டாச்சு தம்பி, ரெண்டாம் பதிப்பில பாப்பம்” எண்டு வைச்சிட்டார். 300 கொப்பி அடிக்கிறவனுக்கு ரெண்டாம் பதிப்பாம்! ஆனா அந்த மனுசன் மாத்தித் தாறனெண்டிருந்தா நான் இண்டைக்கும் திருத்திக்கொண்டுதான் இருப்பன்.

நாலு நாள் பிந்தித்தான் தந்தவை, பைண்டிங் நல்ல இறுக்கம், அஞ்சுக்கு நாலு குடுப்பன். கட்டை அவிட்டு முதல் கொப்பியை விரிச்சா 23ஆம் பக்கத்தில மழை “மளை”யாப் பெய்யுது. சைன் வைச்சது நான்தானே, ஆரைப் பேசுறது.