டிலனின் இரண்டு பக்தி ஆல்பங்கள்: எதை வாங்கலாம்?

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கிறிஸ்தவத்துக்கு மாறிய காலத்துப் பாடல்களில் ஓர் ஆல்பத்தை மட்டும் வாங்குவதென்றால், விவரம் தெரிந்தவர்கள் தயங்காமல் கைகாட்டுவது 1979-இல் வந்த 'ஸ்லோ ட்ரெய்ன் கமிங்'. நான் வாங்கியது அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'சேவ்ட்'. இரண்டையும் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன், இன்னும் அந்த முடிவில் மாற்றமில்லை. டிலன் ரசிகர்கள் பலர் முகம் சுளிக்கும் ஆல்பம் அது என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், சர்ச்சைக்கு இடமில்லாத விஷயங்கள். ஒலித்தரத்தில் 'ஸ்லோ ட்ரெய்ன்' பக்கத்தில் 'சேவ்ட்' நிற்க முடியாது. அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பதிவானவைதான் இரண்டும். ஜெரி வெக்ஸ்லரும் பாரி பெக்கெட்டும்தான் இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள். ஆனால் முதல் ஆல்பத்தில் 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' குழுவின் மார்க் நாப்ளரின் கிட்டார் இருக்கிறது. டிலன் ஒரு வரி பாடி மூச்சு விடும் இடைவெளியில் நாலைந்து சுரங்களை மட்டும் உதிர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அந்த அடக்கத்துக்காகவே அதை வாங்கலாம். விற்பனையிலும் போட்டியில்லை: அமெரிக்கப் பட்டியலில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது, 'சேவ்ட்' 24-ஐத் தாண்டவில்லை. கிராமி விருதும் முதல் ஆல்பத்தின் 'காட்டா சர்வ் சம்படி'க்குத்தான்.

'சேவ்ட்' அடிவாங்கியதற்கு அதன் பாடல்கள் மட்டும் காரணமில்லை. 1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் 14 இரவுகள் பாடிய டிலன், பழைய பாட்டு ஒன்றைக்கூடத் தொடவில்லை. பாட்டுக்கு நடுவே பிரசங்கம் வேறு. டிக்கெட் வாங்கி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கடுகடுத்தார்கள், பத்திரிகைகளும் காய்ச்சி எடுத்தன. அந்தச் சூட்டோடு வந்த ஆல்பத்தின் அட்டையில், மேலிருந்து இறங்கும் ஒரு பெரிய கை, கீழிருந்து உயரும் கைகளில் ஒன்றைத் தொடுகிறது. பாடலைக் கேட்கும் முன்பே பாதிப் பேர் ஓடியிருப்பார்கள். பின்னாளில் அந்த அட்டையை மாற்றி, டிலன் மேடையில் பாடும் ஓவியத்தைப் போட்டார்கள்.

இனி எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம். பக்திப் பாடலில் நான் பார்ப்பது, பாடுகிறவர் யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்பதை. 'ஸ்லோ ட்ரெய்ன்' பெரும்பாலும் நம்மைப் பார்த்துப் பாடுகிறது. நீ யாருக்கு ஊழியம் செய்கிறாய், எப்போது விழித்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்கிறது. தலைப்புப் பாடல் நாட்டையே நிற்கவைத்துக் கணக்குக் கேட்கிறது. பாடகர் மேடையில், நாம் கீழே. முதல் சில முறை கேட்கும்போது அந்தக் கோபத்துக்கு ஒரு வேகம் இருக்கிறது, ரசிக்கவும் முடிகிறது. போகப் போக, திட்டு வாங்குவதற்கென்று ஒருவன் எத்தனை தடவைதான் ஊசியை வைப்பான்? 'காட்டா சர்வ் சம்படி'யைப் பொறுக்கவே மாட்டாமல் பீட்டில்ஸ் ஜான் லென்னன் 'சர்வ் யுவர்செல்ஃப்' என்று பதில் பாட்டே எழுதிவிட்டார். விரல் நீட்டும் பாட்டுக்கு எதிர்விரல் நீளத்தான் செய்யும்.

'சேவ்ட்' ஆல்பத்தின் நடுப்பகுதிக்கு அப்படிப் பதில் பாட்டு எழுத முடியாது. 'வாட் கேன் ஐ டூ ஃபார் யூ' முழுக்கக் கடவுளை நோக்கிய கேள்வி: இவ்வளவு கொடுத்த உமக்கு நான் என்ன செய்ய முடியும்? 'சேவிங் கிரேஸ்' நன்றி சொல்கிறது, வேறெதுவும் செய்வதில்லை. 'பிரஸ்ஸிங் ஆன்' பியானோவும் ஒற்றைக் குரலுமாகத் தொடங்கி, பெண் குரல்கள் சேர்ந்ததும் ஒரு சபையே எழுந்து நின்று பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. டிலன் நம் பக்கம் திரும்புவதே இல்லை. ஒருவர் வேண்டிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான். நம்புகிறாயா இல்லையா என்று யாரும் கேட்காததால் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது. ஆராதனை ஆல்பம் என்ற பெயருக்கு இரண்டில் பொருத்தமானது இதுதான்.

கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்லோ ட்ரெய்ன்' ஆல்பத்திலும் 'ஐ பிலீவ் இன் யூ' இருக்கிறது. பெக்கெட்டின் பியானோ மட்டும் துணைக்கு வர, கடைசியில் 'வென் ஹி ரிட்டர்ன்ஸ்' இருக்கிறது. அந்த இரண்டுக்கு முன்னால் நான் மேலே சொன்ன வாதம் கொஞ்சம் தள்ளாடுகிறது. 'சேவ்ட்' முடிவதோ 'ஆர் யூ ரெடி' என்ற மிரட்டலில். அது வரும்போது நான் நிறுத்திவிடுவேன்.

'சேவ்ட்' ஆல்பத்தின் உண்மையான குறை வேறு. அந்தப் பாடல்கள் மாதக்கணக்கில் மேடையில் பழுத்தவை. 1980 பிப்ரவரியில், சுற்றுப்பயணத்தின் அலுப்போடு சில நாட்களில் அவற்றைப் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். ஜிம் கெல்ட்னர் டிரம்ஸ், ஸ்பூனர் ஓல்ட்ஹாம் கீபோர்டு, டிம் டிரம்மண்ட் பேஸ் என்று குழு அருமையான குழு, ஆனால் பதிவில் ஒலி மங்கிக் கிடக்கிறது. 2017-இல் வந்த 'டிரபிள் நோ மோர்' தொகுப்பின் மேடைப் பதிவுகளைக் கேட்டால் இந்த வித்தியாசம் பட்டெனப் புரியும். 'இன் த கார்டன்' பாடல், இயேசு கைதான கெத்செமனே தோட்டத்தில் தொடங்கிக் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கும்போது மெட்டும் படிப்படியாக மேலேறுகிறது. ஸ்டூடியோவில் அது ஏறுவது காதில் விழுகிறது, மேடையில் அது நம்மையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறது. 'வாட் கேன் ஐ டூ'வின் ஹார்மோனிகா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிலன் அந்தக் கருவியை வழக்கமாக வரிகளுக்கு நடுவே ஒப்புக்கு ஊதிவைப்பவர் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். சொற்கள் தீர்ந்துபோன ஒருவர் மூச்சால் மன்றாடுவதுபோல், ஒரு சுரத்தைப் பிடித்து, விட்டு, மறுபடி அதற்கே வருகிறார்.

நான் சபையில் பாடி வளர்ந்தவன் இல்லை. விசுவாசிகளுக்கு 'ஸ்லோ ட்ரெய்ன்' கண்டிக்கும் குரலாக ஒலிக்காமல், எச்சரிக்கும் தோழனாகவே ஒலிக்கலாம். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளும் இனிமையாகப் பேசியவர்கள் அல்லரே. நான் கேட்டது குறுந்தட்டில். 1980-இன் இசைத்தட்டு ஒலி மேலானது என்று சிலர் சாதிக்கிறார்கள். இருக்கலாம்.

கிட்டாருக்காகவும் கூர்மையான வரிகளுக்காகவும் கேட்பவர்கள் 'ஸ்லோ ட்ரெய்ன்' வாங்கட்டும், காசு வீணாகாது. குழந்தைகளோடு கேட்க அதில் விலங்குகளுக்குப் பெயர் வைத்த பாட்டு ஒன்றும் உண்டு. 1981-இன் 'ஷாட் ஆஃப் லவ்' ஆல்பத்தை 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சேண்ட்' என்ற ஒரு பாடலுக்காக மட்டும் தேடலாம். பாடல்களே முக்கியம் என்பவர்களுக்கு 'சேவ்ட்'. அதையும் மேடை வடிவில் கேட்பதென்றால் 'டிரபிள் நோ மோர்' தொகுப்பின் இரண்டு தட்டுப் பதிப்பு போதும். எட்டு தட்டுப் பெட்டிக்கு ஆசைப்படுபவர்கள் 1980 ஏப்ரலின் டொராண்டோ கச்சேரியிலிருந்து தொடங்கலாம்.