இன்சுலின் கணக்கு சரி, புற்றுநோய்ப் பக்கம் சரியில்லை: ஒரு ரத்தப் பரிசோதனைத் தொகுப்பின் மதிப்பீடு

மாதவிடாய் ஒழுங்கின்மையும் கூடுதல் எடையும் உள்ள பெண்களுக்கென ஓர் ஆய்வகம் வழங்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை அண்மையில் செய்துகொண்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை, வெறும் வயிற்று இன்சுலின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு ரத்தப் புரதம்) ஆகியவற்றோடு, ‘சினைப்பைப் புற்றுநோய் அபாயம்’ என்ற தனிப் பக்கமும் அறிக்கையில் உண்டு.

இன்சுலின் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன். சிவப்பணுக்கள் சிதைந்தால் இன்சுலின் அளவு குறைத்துக் காட்டும் என்பதால், எடுத்த ரத்தத்தை அங்கேயே சுழற்றி, செல்கள் நீங்கிய தெளிநீரான சீரத்தைத் தனியே பிரித்துவிட்டார்கள். என் சர்க்கரை 90, இன்சுலின் 13.5. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஹோமா குறியீடு 3.0. உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காத நிலையான ‘இன்சுலின் எதிர்ப்பை’ மதிப்பிடும் எண் இது. பல ஆய்வகங்கள் 2 முதல் 2.5 வரையிலான அளவையே எல்லையாகக் கொள்கின்றன. சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் இயல்பு என்று வீடு திரும்பியிருப்பேன். அந்த இயல்பைக் காப்பதற்காகக் கணையம் எவ்வளவு அதிகமாக உழைக்கிறது என்பதை இந்த எண்தான் காட்டியது.

அடுத்த பக்கத்தில், இந்த 3.0-ஐ மட்டும் வைத்து, புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் அளவுமானியின் முள்ளை ஆரஞ்சு நிறத்தில் நிறுத்தியிருந்தார்கள். தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிகுந்த இன்சுலின், பாலின ஹார்மோன்களைப் பிணைத்துவைக்கும் புரதத்தைக் கல்லீரலில் குறைக்கிறது; அதனால் கட்டற்ற ஈஸ்ட்ரோஜனும் ஆண்ட்ரோஜனும் கூடுகின்றன. சினைப்பையையே ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுவதோடு, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியையும் மிகுந்த இன்சுலின் விடுவிக்கிறது. செல்களைப் பெருகச் செய்யும் சமிக்ஞைகள் இவை. உடற்கொழுப்பு மிகுதியோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களின் பட்டியலைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வெளியிட்டபோது, சினைப்பைப் புற்றுநோயும் அதில் இடம்பெற்றது.

ஆனால் உயிரியல் வழி இருப்பதும், ஒரு பெண்ணின் அபாயத்தை அளந்து சொல்வதும் வேறு வேறு. கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய்க்கு இன்சுலின் எதிர்ப்புடனும் பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறியுடனும் உள்ள தொடர்பு வலுவானது. சினைப்பையில் அது அவ்வளவு சீராகத் தென்படவில்லை. நோயின் வகைகளே பல. மிகுதியாகக் காணப்படும், ‘உயர்தர சீரஸ்’ எனப்படும் தீவிரமான வகை பெரும்பாலும் கருக்குழாயில்தான் தொடங்குகிறது. ஹோமா எண்ணைக் கொண்டு தனியொரு பெண்ணின் சினைப்பை அபாயத்தைக் கணிக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை என்பதால், அந்த முள்ளுக்கு அடிப்படை கிடையாது.

சிஏ-125 சேர்த்ததும் எனக்கு உடன்பாடில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி, ஏன், மாதவிடாய் நாள்களில்கூட அது உயரும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் 2021 முடிவில், சிஏ-125-ஐயோ ஸ்கேனையோ கொண்டு ஆண்டுதோறும் சோதித்தும் இந்நோயால் நேரும் மரணங்கள் குறையவில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு அச்சத்தையும் தேவையற்ற அறுவை சிகிச்சையையும் கொண்டுவரக்கூடிய சோதனை இது.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது விண்ணப்பப் படிவம்தான். எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் கேட்டவர்கள், தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததுண்டா என்று கேட்கவில்லை. குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய பிஆர்சிஏ1 எனும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயின் வாழ்நாள் அபாயம் ஏறத்தாழ 40 சதவீதம். பொதுவாகப் பெண்களுக்கு அது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். விடாத வயிற்று உப்புசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துபோதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், ஹோமா எண் எதுவாயினும் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்ற ஒரு வரியும் அறிக்கையில் இல்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் மட்டும் தனியாகக் கேட்டாலும் அதே ஆய்வகம் செய்து தருகிறது. முழுத் தொகுப்புக்குப் பதிலாக அதையே பரிந்துரைக்கிறேன்.