லங்காவி மலைக்குக் கேபிள் காரில் போக முன்பணம் கட்டுகிறவர்கள் கவனிக்க: நான் இழந்த 85,995 ரூபாய்

மலேசியாவின் லங்காவித் தீவில் கேபிள் காரில் மலையேறிப் பார்ப்பதற்காக, மும்பையில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் 85,995 ரூபாய் கட்டினேன். தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு அந்த மலையின் அடிவாரம் வரை போய்விட்டு, மேலே ஏறாமலேயே திரும்பி வந்திருக்கிறேன். பயணக் களைப்புகூட இன்னும் தீரவில்லை. ஆனால் டிசம்பர் விடுமுறைக்காக இந்த வாரமே பலர் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால் தாமதிக்காமல் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் அந்த ஏற்பாட்டாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. மாட்டுங்காவில் ஒற்றை அறை அலுவலகம் வைத்துக்கொண்டு, செம்பூர், சயான், முலுண்ட் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் செய்யும் சிறு நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன்.

கோலாலம்பூர் விமான டிக்கெட்டையும் அங்கே தங்கும் இடத்தையும் நாங்களே பதிவு செய்துகொண்டோம். லங்காவியில் இரண்டு இரவுத் தங்கல், டாக்சி, கேபிள் கார், மலையுச்சியில் உள்ள தொங்கு பாலம் ஆகியவற்றை மட்டும் அவரிடம் ஒப்படைத்தோம். உறவுக்காரப் பெண் ஒருத்தி அனுப்பிய படத்தில் அந்த வளைந்த பாலத்தைப் பார்த்ததிலிருந்து, ஒருமுறையாவது அதன் மேல் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபதைக் கடந்த அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அம்மாவையும் அழைத்துக்கொண்டுதான் அந்த அலுவலகத்துக்குப் போனோம்.

அந்த மனிதர் விலையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. முதலில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "நானும் திருநெல்வேலிப் பக்கந்தான் சார்" என்று ஆரம்பித்து, கேபிள் கார் ஏறும் மச்சின்சாங் மலையைப் பற்றி விரிவாகச் சொன்னார். கேபிள் காரின் பாதை 2.2 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 42 பாகைச் செங்குத்து, மேல் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 708 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றார். அந்த மலையின் மணற்பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது, அதனால்தான் 2007-ல் லங்காவிக்கு யுனெஸ்கோவின் புவிப்பூங்கா அங்கீகாரம் கிடைத்தது என்றார். 125 மீட்டர் நீளமுள்ள பாலம் ஒரே தூணிலிருந்து வரும் கம்பிவடங்களில் தொங்குகிறது, பழுதுபார்ப்பதற்காக 2012-ல் மூடி 2015-ல்தான் திறந்தார்கள் என்றும் சொன்னார். அத்தனையும் உண்மை. அம்மாவைப் பார்த்து, "மேல் நிலையத்திலிருந்து பாலத்துக்குப் படியிறங்கிப் போகணும்மா, உங்க காலுக்கு அது ஆகாது. சாய்வாக இறங்கும் லிஃப்ட் ஒன்று தனியாக இருக்கு, அதுக்கும் சேர்த்துப் போட்டுடறேன்" என்றார். அதுவும் உண்மைதான். "அக்டோபரில் மத்தியானத்துக்கு மேல் மழையும் மின்னலும் வரும், காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் காலை ஒன்பதரைக்கே வரிசையில் நிற்காமல் ஏறும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுத்துடலாம்" என்று அவர் சொன்னபோது, இவ்வளவு அக்கறையாக யோசிக்கிறவர் கிடைத்தாரே என்று அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த நிமிடத்தில்தான் பணம் கைமாறியது. இதைப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: ஒருவர் ஓர் இடத்தைப் பற்றிச் சரியான தகவல் சொல்வதால் அவரிடம் அந்த இடத்துக்கான டிக்கெட் இருக்கிறது என்று ஆகிவிடாது. அவர் சொன்ன எல்லாத் தகவலும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் படித்துக்கொள்ளக்கூடியவை.

கணக்கும் ஒழுங்காகவே தெரிந்தது. தொகுப்பு 78,000 ரூபாய், ஜிஎஸ்டி 3,900, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு நம் வருமான வரிக் கணக்கில் சேரும்படி முன்கூட்டியே வசூலிக்கும் டிசிஎஸ் வரி 4,095, ஆக மொத்தம் 85,995 ரூபாய். ஜூன் மாதத்தில் வங்கி வழியாகவே முழுவதையும் செலுத்தினேன். என் பான் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லங்காவியில் இறங்கிய மாலையே முதல் அடி விழுந்தது. விடுதியில் எங்கள் பெயரில் அறை இருந்தது, ஆனால் அதற்கு ஒரு காசுகூடக் கட்டப்படவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, "பணம் ஏற நேரமாகும் சார், நீங்க கட்டிடுங்க, ஊருக்கு வந்ததும் கையோடு தந்துடறேன்" என்றார். குழந்தைகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு இரவில் வாதாட முடியாது. இரண்டு இரவுக்கும் நானே கட்டினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே கீழ் நிலையத்துக்குப் போய்விட்டோம். வானம் தெளிவாக இருந்தது, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைமேல் ஏறிக்கொண்டிருந்தன. கவுண்டரில் இருந்த ஊழியர் எங்கள் வவுச்சரை இயந்திரத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, தமிழ் தெரிந்த சக ஊழியரை அழைத்தார். அந்தப் பெண் பொறுமையாக எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க டிக்கெட்டே இல்லைங்க அண்ணே, இந்த நம்பரே எங்க சிஸ்டத்துல இல்ல" என்றார். அங்கிருந்த எல்லோரும் எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மும்பைக்கு அழைத்தேன். "அங்கே பார்ட்னர் கம்பெனி ஆக்டிவேட் செய்யணும், பத்து நிமிஷம் நில்லுங்க" என்றார். நின்றோம். மீண்டும் அழைத்தால், "மலேசியாவில் இப்போதுதான் ஆபீஸ் திறந்திருக்காங்க" என்றார். அதற்கடுத்து, "வேறு டிக்கெட் வாங்கிடாதீங்க சார், வாங்கினால் இது கேன்சல் ஆகிடும், ரீஃபண்டும் வராது" என்றார். இந்தச் சொல்லைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டவர், நாங்கள் எங்கள் கைக்காசில் ஏறிப் பார்ப்பதற்கு இருந்த வாய்ப்பையும் அந்த ஒரு பொய்யால் கெடுத்தார். அவர் பேச்சை நம்பி உச்சிவேளை வரை அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மேலே போகும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சாதாரண வரிசையில் சேர்ந்தோம். விடுமுறைக் கூட்டம், வரிசை நகரவே இல்லை. கவுண்டரை நெருங்கும் முன்பே மலையுச்சியை மேகம் மூடி இடி இடித்தது, பாதுகாப்புக்காகச் சேவையை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். அடுத்த நாள் அதிகாலையில் எங்களுக்கு விமானம்.

மும்பை திரும்பியதும் அவர் சொன்ன பதில், இந்த மோசடியிலேயே மிகவும் கொடியது. "மோசமான வானிலையால் கேபிள் கார் ரத்தானால் பணம் திரும்பக் கிடையாது என்று நிபந்தனையில் இருக்கே சார்" என்றார். வண்டி ஓடிக்கொண்டிருந்த காலை நேரத்தின் படங்களை அனுப்பினேன். ஏழு வேலை நாளில் பார்க்கலாம் என்றார், பிறகு அக்கவுண்டன்ட் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார், அதன் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். நேரில் போனால் அறை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், அது மாத வாடகைக்கு விடும் இடம் என்றார். காவல் நிலையத்தில் மனுவை வாங்கவே தயங்கினார்கள். இது சிவில் விவகாரம், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள்.

பிறகுதான் ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அது ஒரு துணி வியாபாரத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஜூனில் என்னிடம் வசூலித்த 4,095 ரூபாய் டிசிஎஸ், என் பான் எண்ணில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இன்றுவரை இல்லை. அதாவது 85,995 ரூபாயில் வரி என்று சொல்லி வாங்கியதும் அரசுக்குப் போகவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளை இணையத்தில் தொடுப்பதற்கான அரசின் இ-ஜாக்ருதி தளம் வழியாக அதற்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

விரிவாக அறிவுரை எழுத இப்போது மனம் ஒப்பவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கேபிள் கார் டிக்கெட்டை அதை நடத்துகிறவர்களின் சொந்தத் தளத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கும் சாய்வு லிஃப்டுக்கும் தனி டிக்கெட் என்பதை மறக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் போட்டு, வரும் பெயரைப் பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இன்றே விடுதிக்கு நேராக எழுதி, அறை இருக்கிறதா என்பதோடு அதற்குப் பணம் வந்து சேர்ந்ததா என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பணம் போட்டு அதிக நேரம் ஆகாதவர்கள் உடனே இணையப் பண மோசடிகளுக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மாட்டுங்காவில் இதே வகையில் ஏமாந்தவர்கள் ரசீதுகளோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால், வழக்கைச் சேர்ந்தே தொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.