ஓய்வுபெற்ற ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் அஞ்சல்வழிக் கையொப்பம்: ஒன்பது ஆண்டு அனுபவம்

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கில் ஆடி ஓய்வுபெற்ற வீரர்களுக்கு அவர்களுடைய படம் அச்சிட்ட அட்டைகளை அனுப்பி, கையொப்பத்துடன் திரும்பப் பெறுவதைக் கனடாவில் இருந்தபடி ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஓரிரு அட்டைகள், ஒரு கடிதம், என் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய திருப்பு உறை ஆகியவை போதும்; பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகிறது. பத்து நாளில் வந்த பதிலும் உண்டு. அனுப்பியதையே நான் மறந்துவிட்ட நிலையில், இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த உறையும் உண்டு.

நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது அட்டைத் தேர்வைத்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஓ-பீ-சீ என்ற கனடா நிறுவனம் வெளியிட்ட, பளபளப்புக் குறைந்த அட்டைகள் மையை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. அப்பர் டெக் நிறுவனம் 1990-91 பருவத்தில் ஹாக்கிக்கு வந்தபின் பெருகிய வழவழப்பான அட்டைகளிலோ மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. உலரும் முன் உறையில் செருகினால் இழுவிப்போகிறது. அப்படி அழிந்த இரண்டு கையொப்பங்களுக்குப் பிறகு, அத்தகைய அட்டையின் மேற்பரப்பை மென்மையான அழிப்பானால் லேசாகத் தேய்த்த பின்னரே அனுப்புகிறேன். வெளிர்நிறப் பின்னணியும் நீல மார்க்கரும் சேர்ந்தால் எழுத்து மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அஞ்சல் விதிகளிலும் தடுமாறியிருக்கிறேன். அமெரிக்காவில் வசிக்கும் வீரர் திருப்பி அனுப்பும் உறையில் கனடாவின் அஞ்சல்தலை செல்லாது. வெளிநாட்டுக் கடிதங்களுக்கான அமெரிக்காவின் 'குளோபல் ஃபாரெவர்' அஞ்சல்தலையை வாங்கி ஒட்ட வேண்டும். கனடாவில் சாதாரணக் கடிதத்தின் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால், கெட்டியான பிளாஸ்டிக் உறையைக் கைவிட்டு, வீரரின் அட்டையை இரண்டு மெல்லிய தாளட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை நடந்த அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது என் ஏழு கடிதங்கள் வழியில் நின்றன, ஒன்றும் தொலையவில்லை.

கடிதத்தை எப்போதும் கையால், ஒரு பக்கத்துக்குள் எழுதுகிறேன். கோல்காப்பாளர் க்ளென் ஹால் தொடர்ந்து 502 ஆட்டங்களில் ஆடியது போன்ற, ஊரறிந்த சாதனையை அவரவரிடமே திருப்பிச் சொல்வதால் பயனில்லை. அதிகம் பேசப்படாத ஓர் ஆட்டத்தையோ, உடன் ஆடிய ஒருவரையோ பற்றிக் கேட்டபோதுதான் அட்டையோடு நான்கைந்து வரிப் பதில்களும் வந்தன; அவற்றை அட்டைகளைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிலர் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை கேட்கிறார்கள், அது நியாயமே. பத்து அட்டைகளை ஒரே உறையில் திணித்து அனுப்புவதுதான் முறையல்ல.

முழுப்பெயரையும் படிக்கத்தக்க விதத்தில் எழுதித்தரும் பண்பு பழைய தலைமுறைக்கு உரியது. மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஜான் பெலிவோ அதற்குப் பெயர்பெற்றவர். 2014இல் அவர் மறைந்த பின்னரே நான் இதில் இறங்கினேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒரு முதிய தடுப்பாட்டக்காரர் எனக்கு இருமுறை கையொப்பமிட்டுத் தந்தார். முதலாவதில் எழுத்துகள் நேராக நிற்கின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து வந்ததில் ஒவ்வொரு கோடும் நடுங்குகிறது, ஆயினும் தம் ஆட்டச் சட்டையின் எண்ணை அடியில் சேர்க்க அவர் தவறவில்லை. அவருக்கு நன்றிக் கடிதம் மட்டும் எழுதினேன். அதில் அட்டையும் வைக்கவில்லை, திருப்பு உறையும் வைக்கவில்லை.