பிள்ளையின் மனநலம் அறிய: கேள்வித்தாளா, பேச்சா?

பிள்ளை எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடமே கேட்க இரண்டு வழி உண்டு.

நேரம்: கிட்ஸ்கிரீன்-10 என்பது பிள்ளையின் நலனை அறியும் பத்துக் கேள்வித் தாள்; சில நிமிடங்களில் முடியும். பேச்சுக்குப் பொறுமை வேண்டும்.

வயது: கிட்ஸ்கிரீன் 8 முதல் 18 வரை. அதைவிடச் சின்னப் பிள்ளையென்றால் படம் வரையச் சொல்லிப் பேசுவதே சரி.

ஆழம்: இதில்தான் பெரிய வித்தியாசம். கடந்த வாரம் உனக்கென்று நேரம் இருந்ததா என்று தாளும் கேட்கும். ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்ததோடு விஷயம் முடிந்தது. பேச விட்டால், "படிக்கிறேன்னு சொன்னாத்தான் கதவைச் சாத்த விடுறாங்க" என்று வரும். காரணம் அங்கேதான் இருக்கிறது. (நடுவில் அறிவுரை ஆரம்பித்தால் பேச்சும் போச்சு.)

வகுப்பு முழுவதையும் ஒப்பிட வேண்டுமா, தாள். ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்ளவா, பேச்சு. கூச்சப்படும் பதின்வயதினருக்கு மட்டும் தாளை முதலில் கொடுத்து, அப்புறம் அந்தப் பதில்களிலிருந்து பேசத் தொடங்கலாம்.