சுகர் இல்லாதவளுக்கு சுகர் செருப்பு

இந்தத் தடவை வேலூரில் இருந்த 3 வாரத்தில் ஒரு கல்யாணம், பத்திரப் பதிவு, பல் வைத்தியம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதை விடுங்கள். ஒரு ஜோடி செருப்புக்குப் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வலது கால் பெருவிரலின் அடி மூட்டில் தேய்மானம். விரல் மேல்நோக்கி வளைந்தால் உயிர் போகும். லண்டனில் காலையில் மாட்டிய ஷூவை வீடு திரும்பித்தான் கழற்றுவேன். இங்கே வாசலுக்கு வாசல் கழற்று, மாட்டு. கோயில், சித்தி வீடு, பல் டாக்டர், ஏன், ஜெராக்ஸ் கடையில்கூட 'காலணிகளை வெளியே விடவும்'. நாடா கட்டும் ஷூவுக்கு நாலாம் நாளே கும்பிடு போட்டுவிட்டேன்.

ஏசி போட்ட பெரிய கடைக்குப் போனேன். லண்டனில் நீளத்துக்கு ஓர் எண், அகலத்துக்கு டி, இ, டபுள் இ என்று எழுத்து உண்டு. இங்கே "ஆறா ஏழா மேடம்?" அவ்வளவுதான். பக்கவாட்டில் பிடிக்கிறது என்றால், "போடப் போட விட்டுக் கொடுக்கும்." அப்புறம் அந்தப் பையன் ஒரு செருப்பை வெற்றிலை மாதிரி இரண்டாக மடித்துக் காட்டினான். "எவ்ளோ சாஃப்ட் பாருங்க!" தம்பி, அது மடிகிற இடத்தில்தானே என் மூட்டு இருக்கிறது! அடிப்பாகம் விறைப்பாக, நுனி படகு போல லேசாகத் தூக்கியிருந்தால்தான் விரல் வளையாமல் கால் உருண்டு போகும். விளக்கிச் சொன்னேன். பெருவிரலுக்கு வளையம் வைத்த ஒன்றை எடுத்து நீட்டினான்.

ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஐரோப்பாவுக்கே ஷூ அனுப்புகின்றன. பக்கத்து வேலூரில் என் காலுக்கு ஒன்று இல்லை!

தம்பி மனைவிதான் எம்.சி.ஆர். செருப்பு தைக்கும் பெரியவரிடம் கூட்டிப் போனாள். தொழுநோயில் உணர்ச்சி மரத்த பாதங்களுக்காக, தொழுநோய் மருத்துவர் பால் பிராண்ட் (Paul Brand) காலத்தில் இதே வேலூரில் போட்டுப் பார்த்த மைக்ரோ செல்லுலர் ரப்பர்தான் இந்த எம்.சி.ஆர். இன்று சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் போடுவதால் ஊருக்கே அது 'சுகர் செருப்பு'.

"சுகர் எத்தனை வருஷமாம்மா?"

"சுகர் இல்லைங்க, மூட்டுவலி."

நம்பாமல் என் தம்பி மனைவியைப் பார்த்தார். அப்புறம், "காலையில அளவெடுத்தா பத்தாது. சாயந்திரம் வாங்க, கால் வீங்கியிருக்கும்" என்றார். இதையே லண்டனில் பாத நிபுணர் சொல்லக் கேட்க 4 மாதம் காத்திருந்தேன்.

சாயந்திரம் தினத்தாள் மேல் நிற்க வைத்தார். "உக்காந்தா பாதம் விரியாதும்மா." பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்து, புடைத்த மூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வட்டம் போட்டார். மேலே மெத்து ரப்பர், அடியில் விறைப்பான அட்டை, குனிந்து ஒரே இழுப்பில் பிரிக்க வெல்க்ரோ. 'நாளைக்கு' என்று இரண்டு முறை அலையவிட்டது பழைய வழக்கம்தான், 750 ரூபாய்.

கல்யாணத்தில் 4 மணி நேரம் நின்றேன், வலியில்லை. மண்டபத்தில் செருப்பு தொலையுமோ என்றேன். "சுகர் செருப்பை எவன் எடுப்பான்?" என்றான் தம்பி.

ஆனால் லண்டன் மழைக்குத் திறந்த செருப்பு ஆகாது. இதையே மூடிய ஷூவாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியும், 10 நாள் ஆகும் என்றார். எனக்கு மறுநாள் விமானம்.